ஏழாவது படத்தில் நான் அழித்த துணி

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படங்களைச் சுத்தம் செய்கிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். போன மாதம் இங்கே பம்பாயில், மாதுங்காவில் என்னைக் கூப்பிட்டு மேடையில் உட்கார வைத்தீர்கள். மைக்கைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. எழுதினால் வரும். உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் வாசிக்கத் தடுமாறும் என்று தெரியும். வீட்டில் அம்மாவை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

நான் அச்சகத்தில் ரீடச்சிங் பார்த்தவள். ஒரு படம் அச்சுக்குப் போகும் முன்னால், அதன் நெகட்டிவிலேயே தூரிகையால் கறை எடுப்பது, மங்கலைத் தெளியவைப்பது, இதுதான் வேலை. அந்தத் தூரிகையும் சாயமும் இன்றைக்கு யாருக்கும் வேண்டாம், அதனால் அதைப் பற்றி எழுதப் போவதில்லை. எதைத் தொடக்கூடாது என்று எனக்கு எப்படித் தெரிந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

நான் முதலில் வேலை பார்த்தது மாதுங்காவில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில். பெண் பார்க்க அனுப்புகிற படங்கள்தான் அங்கே அதிகம். அம்மைத் தழும்பை எடுப்பேன், மருவை எடுப்பேன், முன்நெற்றியில் முடி ஏறியிருந்தால் இறக்கிவிடுவேன். "எஸ்தர் கை பட்டால் கல்யாணம் நடக்கும்" என்று ஸ்டுடியோக்காரர் சொல்வார். அந்தப் பெயரோடுதான், இருபத்து மூன்று வயதில், வடாலாவில் இருந்த ஒரு பெரிய அச்சகத்தில் சேர்ந்தேன். அறுபதுகளின் நடுப்பகுதி. வீடு தாராவியில். காலையில் நடந்தே போய்விடுவேன்.

ஒரு ஏப்ரல் மாதம், வெயிலில், ஒரு பார்சி அம்மாள் காரில் வந்து இறங்கினார்கள். எழுபது வயது இருக்கும். கையில் தட்டையான தேக்குப் பெட்டி. டிரைவர் வாங்க வந்தும் கொடுக்கவில்லை. தானே தூக்கிக்கொண்டு மாடி ஏறினார்கள். எங்கள் முதலாளி சேட் எழுந்து நின்று வரவேற்றார்.

அந்த அம்மாளின் அப்பா பருத்தி வியாபாரத்துக்காக ஜப்பானில் கோபே துறைமுகத்தில் பல வருஷம் இருந்தவர். அங்கே வாங்கிவந்த பன்னிரண்டு படங்கள் அந்தப் பெட்டியில் இருந்தன. மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட படங்கள். எல்லாம் கபுகி நாடக நடிகர்கள். ஜப்பானில் கபுகி என்றால் பெரிய கூத்து. நடிகர்களை ஜனங்கள் தலையில் தூக்கிவைத்து ஆடுவார்களாம். அந்த அம்மாளுக்குப் பிள்ளைகள் இல்லை. இன்னொரு மழைக்காலத்தை இந்தப் படங்கள் தாங்காது என்று பயந்து, ஒரு காட்சிசாலைக்குக் கொடுக்க முடிவு செய்திருந்தார்கள். கொடுக்கும் நாளில் ஜப்பானிலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள். அவர்கள் கையில் கொடுக்க, பன்னிரண்டு படமும் அசல் நிறத்தில் ஒரு புத்தகமாக வேண்டும். மழைக்கு முன்னால் வேண்டும்.

"ஒரு நிபந்தனை. படம் என் கண் பார்வையை விட்டுப் போகக்கூடாது" என்றார்கள்.

அப்படியே கேமரா அறை வாசலில் ஒரு நாற்காலி போட்டு, நான்கு நாள் உட்கார்ந்திருந்தார்கள்.

முதல் படத்தைத் திறந்தபோது நானும் அங்கே இருந்தேன். ஜப்பான் என்றால் அப்போது எங்களுக்கு டிரான்சிஸ்டரும் சாவி கொடுத்தால் ஓடும் பொம்மையும்தான். திறந்ததும் ஒரு முகம். கண் இரண்டும் மூக்கை நோக்கித் திரும்பி, வாய் கீழே வளைந்து, நெற்றியிலிருந்து தாடை வரை சிவப்புக் கோடுகள். ஒரு கை மட்டும் விரல் விரிந்து நிற்கிறது. அந்த மனிதன் ஏதோ செய்யப் போகிறான். அல்லது இந்த நிமிஷம்தான் செய்து முடித்தான். நான் பின்னால் ஒரு அடி நகர்ந்தது இன்றும் நினைவிருக்கிறது.

எங்கள் மெஷின் மாஸ்டர் கொங்கணிக்காரர். எந்தப் படத்தையும் மதிக்காதவர். பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தார். அச்சில் வரும் எந்தப் படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். அவர் தேடினார். கிடைக்கவில்லை.

"டாட் கஹான் ஹை?" என்று, புள்ளி எங்கே என்று, என்னைக் கேட்டார்.

புள்ளி இல்லை. ஒவ்வொரு நிறத்துக்கும் தனியாக ஒரு கட்டை. பத்துக் கட்டை, பன்னிரண்டு கட்டை. கையால் தேய்த்து ஒவ்வொன்றாக ஏற்றியிருக்கிறார்கள். ஒரு நிறம்கூட ஒரு மயிரிழை விலகவில்லை. எங்கள் ஜெர்மன் மெஷினில் நான்கு நிறத்தைச் சேர்ப்பதற்கே நாள் முழுவதும் சண்டை நடக்கும். முடி நெற்றியில் தொடங்குகிற இடத்தை அவர் எனக்குக் காட்டினார். தனித்தனி இழை. அந்த இழையை மரத்தில் கீறவில்லை. இழையை மட்டும் விட்டுவிட்டு, சுற்றியிருக்கிற மரத்தையெல்லாம் செதுக்கி எடுத்திருக்கிறார்கள். இது புரிந்ததும் மாஸ்டர் வெளியே போய், செருப்பைக் கழற்றிவிட்டு, திரும்ப வந்து பார்த்தார்.

"ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடி" என்றார்கள் அந்த அம்மாள்.

பிடித்தேன். சாம்பல் நிறமாகக் கிடந்த பின்புறம் முழுவதும் ஒரே நேரத்தில் மினுங்கியது. அப்பிரகப் பொடி, மைக்கா. மேடை விளக்கு எரிகிற மாதிரி, அந்த முகம் வெளிச்சத்துக்கு முன்னால் வந்து நின்றது. அந்த அறையில் ஏழெட்டுப் பேர் இருந்தோம். எல்லோரும் ஜன்னல் பக்கம் நெருங்கி வந்தோம்.

பெட்டிக்குள் படங்களுக்கு நடுவே வைக்கப் புது அட்டை வெட்ட வேண்டியிருந்தது. அதற்காகக் கட்டிங் மெஷின் அண்ணாச்சியை மேலே கூப்பிட்டார்கள். அவரைப் பற்றிச் சொல்லவேண்டும். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தாராவியில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. நாற்பத்தைந்து வயது, அகன்ற தோள், முறுக்கிய மீசை, காக்கி அரைக்கால் சட்டை. ஒரு அடி உயரக் காகித அடுக்கை ஒரே இறக்கில் வெட்டுகிற மெஷின் அவருடையது. அவர் பக்கத்தில் நின்று யாரும் சத்தமாகச் சிரிக்கக்கூட மாட்டார்கள். எனக்கு மட்டும் ஊர்க்காரர் என்ற உரிமை. அன்றைக்கு அளவெடுக்க ஒவ்வொரு படத்தையும் பார்த்தார். ஏழாவது படத்தில் நின்றுவிட்டார். ஸ்கேல் கையிலேயே இருந்தது. அளவெடுக்க மறந்து நிற்கிறார் என்று நினைத்தேன். கூப்பிட்டதும் சட்டென்று வேலையைப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்த ஏழாவது படம் ஒரு இளம்பெண். நான் அப்படித்தான் நினைத்தேன். தலையை லேசாகத் திருப்பி, தோளுக்கு மேலாகப் பார்க்கிறாள். கை, அகன்ற சட்டைக்குள் மறைந்து விரல் நுனி மட்டும் தெரிகிறது. பன்னிரண்டு படத்தில் எனக்குப் பிடித்தது அதுதான். ஆனால் அந்த முகத்தின் உச்சியில், நெற்றியும் முடியும் சேர்கிற இடத்தில், ஒரு தீப்பெட்டி அளவுக்குப் பழுப்பு நிறத்தில் ஒரு திட்டு இருந்தது.

பம்பாய் மழையில் படங்களெல்லாம் பழுப்புப் புள்ளி பிடித்திருந்தன. "இந்தப் புள்ளியெல்லாம் அப்பா வாங்கும்போது இல்லை. அவற்றை எடுத்துவிடு" என்று அந்த அம்மாளே சொல்லியிருந்தார்கள். எடுத்துக்கொண்டே வந்தேன். ஏழாவது படத்தில் அந்தத் திட்டையும் எடுத்தேன். இரண்டு நாள் ஆனது. அடியில் நெற்றியை வரவழைத்து, முடியை இறக்கி, இழை இழையாகச் சேர்த்தேன். மாதுங்கா ஸ்டுடியோவில் எத்தனையோ பெண்களுக்குச் செய்ததுதான். புரூஃப் வந்தபோது மாஸ்டர் தலையாட்டினார். சேட் என்னைக் கூப்பிட்டு, "சபாஷ் எஸ்தர்" என்றார். அந்த அம்மாளுக்குக் கண்ணில் புரை. ஒளியில் தூக்கிப் பார்த்துவிட்டு, "சுத்தமாக இருக்கிறாள்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்கள்.

அச்சு முடிந்தது. விழாவுக்கு ஆறு நாள் இருந்தது. தாள்கள் வெட்டுவதற்குக் கீழே போயின.

சாயங்கால டீ நேரத்தில் அண்ணாச்சி மாடிக்கு வந்தார். அவர் மாடிக்கு வருகிற ஆளே இல்லை. கையில் ஒரு தாள். என் மேசையில் விரித்து வைத்தார்.

"எஸ்தரு, இந்த நெத்தியில ஒரு துணி இருந்துச்சே. எங்க போச்சி?"

"துணியா? அது கறை அண்ணாச்சி. நான்தான் எடுத்தேன்."

"கறையா?" அவர் அந்த இடத்தில் விரலை வைத்தார். "அது கறை இல்ல. இது பொம்பளையும் இல்ல. ஆம்பிளை. பொம்பளை வேசம் கட்டியிருக்கான். முன்மயிரச் செரச்சிருப்பான். அந்த எடத்த மறைக்கதுக்குத் துணி வச்சிருக்கான்."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கையைப் பாரு. நீ கையை இப்படி வச்சிக்கிடுவியா?"

பார்த்தேன். என் கையை அப்படி வைத்துப் பார்த்தேன். நான் வைக்கமாட்டேன். எனக்குத் தெரிந்த எந்தப் பெண்ணும் வைக்கமாட்டாள்.

"பொம்பளைக்குக் கையை ஒளிக்கவேண்டிய அவசியமில்ல. ஆம்பிளைக் கை பெருசு. அதான் சட்டைக்குள்ள இழுத்துக்கிட்டான். நாங்களும் முந்தானைக்குள்ள இழுத்துக்கிடுவோம். சவுரி வச்சா முன்னால ஓரம் தெரியும்லா, அதுக்கு நெத்திச்சுட்டியைப் பட்டையாக் கட்டுவோம்."

"நாங்களா?" என்று கேட்டேன்.

அவர் வாசலைப் பார்த்தார். யாரும் இல்லை. பிறகு, மெதுவாக, தாளை மடித்துக்கொண்டே சொன்னார். பதினோரு வயதிலிருந்து இருபத்தைந்து வயது வரைக்கும் ஒரு நாடகக் கம்பெனியில் ஸ்திரீபார்ட் வேஷம். தூத்துக்குடியிலிருந்து மதுரை வரைக்கும் அவர் மேடை ஏறினால் கூட்டம் நிற்குமாம். கம்பெனி கலைந்ததும் பம்பாய் வந்துவிட்டார். மீசை வைத்தது ரயிலில் வரும்போது எடுத்த முடிவு.

"என் வீட்டுக்காரிக்கே தெரியாது. இங்க தெரிஞ்சா, மெஷின் ரூம்ல நான் நிக்க முடியுமா? நீ யார்ட்டயும் சொல்லாத. ஆனா அந்தத் துணிய நீ எடுத்தது தப்பு. அது இல்லன்னா அவன் யாருன்னே தெரியாது."

அவர் போனபிறகு, நான் தூரிகை வைக்கும் முன்னால் நெகட்டிவிலிருந்து போட்டுவைத்த, திருத்தாத படத்தை எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனமாக வாசியுங்கள். அந்தப் பழுப்புத் திட்டைச் சுற்றி ஒரு கோடு இருந்தது. மெல்லிய, கறுத்த, செதுக்கிய கோடு. உள்ளே துணி மடிகிற இடத்தில் இன்னும் இரண்டு கோடு. எந்தக் கறைக்கும் செதுக்கிய கோடு இருக்காது. அந்தக் கோட்டை நான் பார்க்காமல் இல்லை. பார்த்தேன். நீர்க்கறையின் ஓரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அதையும் சேர்த்து அழித்தேன். நூறு வருஷத்துக்கும் முன்னால், ஒருவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு மரத்தில் விட்டுவைத்த கோடு. எனக்கு அழகாக இல்லை என்று தோன்றியது, அவ்வளவுதான் காரணம்.

அந்த அம்மாள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். யாருக்கும் தெரியாது. பேசாமல் இருந்தால் விஷயம் அப்படியே போய்விடும். அன்றைக்கு வீட்டுக்கு நடந்து போகும்போது அப்படி இருந்துவிடலாம் என்று முடிவு செய்தேன் என்றுதான் உண்மையைச் சொல்லவேண்டும். காலையில் எழுந்தபோது முடியவில்லை. விருந்தாளிகள் அந்த நாட்டுக்காரர்கள். அவர்கள் புத்தகத்தைத் திறந்து ஏழாவது பக்கத்துக்கு வருவது கண்முன்னால் வந்துகொண்டே இருந்தது.

நேராகச் சேட்டின் அறைக்குப் போனேன். மாஸ்டரும் அங்கே இருந்தார். சொன்னேன்.

சேட் நல்ல மனிதர். கத்தவில்லை. தாளைப் பார்த்தார், திருத்தாத படத்தைப் பார்த்தார். "முன்னைவிட நன்றாகத்தானே இருக்கிறது?" என்றார். "ஆண் என்று யார் சொன்னது?"

நான் திருத்தாத படத்தை அவர் பக்கம் இன்னும் நகர்த்தினேன்.

"பார்ட்டி பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஐந்து நாள்தான் இருக்கிறது. அவர்களிடம் போய் உங்கள் படத்தைக் கெடுத்துவிட்டோம் என்று சொல்லவேண்டும் என்றால், எனக்கு ஒரு காரணம் வேண்டும். யார் சொன்னது?"

"என் கண்ணுக்குத் தெரிகிறது சேட்."

"உன் கண்ணுக்குத்தான் முதலில் கறை என்று தெரிந்தது."

பெயரைச் சொல்லிவிட்டால் முடிந்தது. நாக்கு நுனி வரை வந்தது. அவர் வாசலைப் பார்த்தது ஞாபகம் வந்தது. விழுங்கிக்கொண்டேன். "மன்னித்துக்கொள்ளுங்கள், தப்பு என்னுடையது, நான் திரும்பச் செய்துதருகிறேன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். சேட் தாளை மடித்து ஓரமாக வைத்தார். அதற்கு அர்த்தம், போகலாம் என்பது.

அப்போது கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு அண்ணாச்சி உள்ளே வந்தார். நான் காலையில் நேராக அறைக்குள் போனதைக் கீழிருந்து பார்த்திருக்கிறார். என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"சேட், ஏக் மினிட்" என்றார். "வோ ஆத்மி ஹை. மைன் திகாத்தா ஹூன்." அது ஆம்பிளை, நான் காட்டுகிறேன் என்று.

திருத்தாத படத்தை என் கையில் கொடுத்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடிக்கச் சொன்னார். தோளில் கிடந்த துண்டை எடுத்தார். நான்காக மடித்து, நெற்றிக்கு மேலே, முடி தொடங்கும் இடத்தில் வைத்தார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்.

முதலில் தோள்பட்டை இரண்டையும் பின்னால் நெருக்கி, கீழே இறக்கினார். அந்த அகன்ற தோள் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. முழங்காலை ஒன்றோடு ஒன்று சேர்த்துக் கொஞ்சம் மடக்கினார். ஒரு சாண் உயரம் குறைந்தது. கையைச் சட்டையின் மடிப்புக்குள் இழுத்துக்கொண்டார். விரல் நுனி மட்டும் வெளியே. பிறகு மெதுவாக, கழுத்தை மட்டும் திருப்பி, தோளுக்கு மேலாகச் சேட்டைப் பார்த்தார்.

எனக்கு இப்போது வயதாகிவிட்டது. எவ்வளவோ பார்த்திருக்கிறேன். அதைப் போல ஒன்றைப் பார்க்கவில்லை. மீசை இருந்தது. காக்கி அரைக்கால் சட்டை இருந்தது. வெட்டுக்காயத் தழும்போடு முழங்கால் இருந்தது. அதையெல்லாம் கண் பார்த்தது, ஆனால் மனசுக்குள் போகவில்லை. அங்கே ஒரு பெண் நின்றாள். யாருக்காகவோ வெகுநேரம் காத்திருந்தவள், வந்தவனைப் பார்த்து, கோபப்படலாமா வேண்டாமா என்று யோசிக்கிறாள். நான் பெண். எனக்கு அப்படிப் பார்க்க வராது. நான் உயர்த்திப் பிடித்திருந்த படத்தில் இருந்ததும் அதே கழுத்து, அதே விரல், அதே பார்வை. எங்கேயோ ஒரு தேசத்தில், பேர் தெரியாத ஒருவன், இவர் செய்ததையே செய்திருக்கிறான்.

சேட் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். அவருக்கே தெரியாமல் எழுந்திருக்கிறார். மாஸ்டர் சுவரோடு ஒட்டி நின்றார். கண்ணாடிக்கு வெளியே மெஷின் ரூம் ஆட்கள் ஆறேழு பேர் வந்து நின்றதை அப்போதுதான் கவனித்தேன்.

அண்ணாச்சி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். தோள் பழையபடி விரிந்தது. "பஸ்", போதும், என்று சொல்லிவிட்டு, யாரையும் பார்க்காமல், கதவைத் திறந்து அத்தனை பேருக்கு நடுவே நடந்து கீழே போனார்.

சேட் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உட்கார்ந்தார். "கட்டிங்கை நிறுத்து" என்று மாஸ்டரிடம் சொன்னார். என்னிடம், "நீயே போய்ச் சொல்" என்றார்.

தாதர் பார்சி காலனியில் அந்த அம்மாளின் வீடு. மரச் சாமான்களும் கடிகாரச் சத்தமுமாக ஒரு பெரிய கூடம். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணாச்சி செய்து காட்டியதையும் சொன்னேன். அது இனி ரகசியம் இல்லை. திட்டுவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆண் என்று அப்பா சொன்னார்" என்றார்கள் கடைசியில். "அம்மா நம்பவில்லை. கோபேயில் அப்பாவுக்குப் பழக்கமான ஒருத்தி என்று நினைத்தாள். சாகும்வரைக்கும் இந்தப் படத்தைச் சுவரில் மாட்டவிடவில்லை. பேச்சு வந்தால் அப்பா, அது நடிகன், நடிகன் என்று சொல்வார். அவர் பொய் சொல்கிறார் என்றுதான் நானும் நினைத்தேன். இந்த நிமிஷம் வரைக்கும்."

எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து, ஏழாவது படத்தை எடுத்துவந்தார்கள். புரை விழுந்த கண்ணுக்கு மிக அருகே பிடித்துப் பார்த்தார்கள். தெரியவில்லை. என்னிடம் நீட்டினார்கள். எனக்கு ஒன்று தோன்றியது. அந்தக் காகிதம் மெல்லியது. கட்டைமேல் வைத்து அழுத்தித் தேய்த்திருக்கிறார்கள் என்றால், நிறம் பின்பக்கம் வரைக்கும் ஊறியிருக்க வேண்டும். முன்பக்கம் வெளிச்சம் பட்டுப் பட்டுப் பழுப்பாகியிருக்கலாம்; பின்பக்கம் வெளிச்சம் பட்டிருக்காது.

"திருப்பிப் பார்க்கலாமா?" என்று கேட்டேன்.

மேசையில் வெள்ளைத் துணி விரித்து, இருவரும் ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்துத் திருப்பினோம். பின்பக்கம் அந்த முகம் இடம் மாறி, நிழல் போலத் தெரிந்தது. நெற்றிக்கு மேலே, அந்தத் தீப்பெட்டி அளவு இடத்தில், கத்தரிப்பூ நிறம். நேற்று அச்சிட்டது போல. அந்த அம்மாளுக்கு அது மட்டும் தெரிந்தது. விரலைத் தொடாமல் மேலே வைத்துக் காட்டி, "இதுவா?" என்றார்கள். ஆமாம், இதுதான் அந்தத் துணி என்றேன். நாற்காலியில் உட்கார்ந்து, வெகுநேரம் அழுதார்கள். அப்பாவை நினைத்தா அம்மாவை நினைத்தா என்று நான் கேட்கவில்லை.

புத்தகம் விழாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த ஐந்து நாளில், மற்ற பதினோரு படத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு, ஏழாவதை மட்டும் மறுபடி கேமராவில் எடுத்து, புதிதாக அச்சிட்டு, ஒவ்வொரு புத்தகத்திலும் கையால் ஒட்டினோம். துணிக்குக் கத்தரிப்பூ நிறம் கொடுக்கலாமா என்று சேட் கேட்டார். வேண்டாம் என்றேன். கோடு மட்டும் தெளிவாக வந்தால் போதும். பழுத்தது பழுத்தபடியே இருக்கட்டும். அந்த நெகட்டிவில் நான் தூரிகையே வைக்கவில்லை. என் வேலையில் நான் மிகவும் யோசித்துச் செய்தது, ஒன்றும் செய்யாமல் விட்ட அந்த ஒரு படம்தான்.

அண்ணாச்சி பயந்தது நடக்காமல் இல்லை. அதை மறைத்தால் நான் உங்களுக்குப் பொய் சொன்னதாகும். மெஷின் ரூமில் இரண்டு பேர் அவர் போகும்போது விசில் அடித்தார்கள். ஒருத்தன் இடுப்பை ஆட்டிக் காட்டினான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பத்துப் பதினைந்து நாள் அவர் யாரோடும் டீ குடிக்கவில்லை. ஒருநாள் மாஸ்டர் இரண்டு கிளாஸோடு கட்டிங் மெஷினுக்கு வந்து, ஒன்றை அவர் முன்னால் வைத்துவிட்டு, எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். மறுநாளும் வந்தார். விசில் நின்றது.

நான் அவரிடம் ஒருமுறை கேட்டேன். "நான் பெயரைச் சொல்லவில்லையே அண்ணாச்சி. நீங்கள் ஏன் வந்தீர்கள்?"

"நீ சொல்லமாட்டன்னு தெரிஞ்சிதான் வந்தேன்" என்றார். "சொல்லிருந்தன்னா வந்திருக்க மாட்டேன்."

அதற்கு அர்த்தம் புரிய எனக்குப் பல வருஷம் ஆனது. உங்களுக்கு நான் விளக்கப் போவதில்லை. வேலையில் ஒருநாள் யாருடைய பெயரையோ சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்ற இடத்தில் நிற்பீர்கள். அப்போது புரியும்.

விழாவுக்கு அந்த அம்மாள் அவரையும் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. அவருக்கென்று ஒரு புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள்.

அடுத்த பொங்கலுக்கு அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். ஒரே அறை. ஏழாவது படத்தைப் புத்தகத்திலிருந்து பிரித்துக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். பக்கத்தில் காலண்டர், சாமி படங்கள். அவர் மனைவி எனக்குப் பொங்கல் வைத்துக்கொண்டே, "மேடையில ஆடுனத இருபது வருசமா எங்கிட்ட மறைச்சிருக்காவ, பாத்தியா" என்றாள். குரலில் கோபம் இருந்தது. பெருமையும் இருந்தது.

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் வந்தார். சுவரைப் பார்த்துவிட்டு, "இந்தப் பொம்பளை யாரு அண்ணாச்சி, சீனாக்காரியா?" என்று கேட்டார்.

அண்ணாச்சி வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து, படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"ஜப்பான்காரரு" என்றார். "எங்க தொழில்ல பெரிய ஆளு."